கோனன் படங்கள், 20வதிலிருந்து: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிடெக்டிவ் கோனன் படங்களை வருடம் தவறாமல் பார்ப்பவள் என்று வீட்டிலும் வேலை செய்யும் இடத்திலும் எனக்குப் பெயர் வந்துவிட்டது. அதனால் யாராவது ஒரு படத்தைப் பாதியிலிருந்து பார்த்துவிட்டு, "அந்தப் பந்து ஏன் அவ்வளவு பெரிசா ஆச்சு?" என்று நேராக என்னிடம்தான் வருகிறார்கள். கேள்விகளை அவரவர் கேட்டபடியே எழுதியிருக்கிறேன். கொலையாளி யார் என்று எங்கும் சொல்லவில்லை. க்ளைமாக்ஸில் எது வெடிக்கும், எது உருளும் என்பதைத் தாராளமாகச் சொல்லியிருக்கிறேன். அது தெரிந்தே பார்த்தாலும் இந்தப் படங்களின் சுவை குறையாது.

அக்கா, மொதல்ல கோனன்னா யாருன்னு சொல்லுங்க. சின்னப் பையனா, பெரியவனா?

ஷினிச்சி குதோ என்ற 17 வயது பள்ளி மாணவன். போலீஸே உதவி கேட்டு வரும் அளவுக்குத் துப்பறியும் மூளை. கறுப்பு உடை ஆட்கள் இருவரின் சதியைப் பார்க்கப் போய் மாட்டிக்கொள்கிறான். அவர்கள் ஒரு விஷ மாத்திரையைக் கொடுக்க, உயிர் போவதற்குப் பதில் உடம்பு சுருங்கி, ஒன்றாம் வகுப்புப் பையன் அளவுக்கு ஆகிவிடுகிறான். கோனன் எடோகாவா என்று பெயரை மாற்றிக்கொண்டு, சிறுவயதுத் தோழி ரான் வீட்டில் தங்குகிறான். ரானின் அப்பா கோகோரோ ஒரு தனியார் துப்பறிவாளர். அவரை மயக்க ஊசியால் தூங்க வைத்துவிட்டு, அவர் குரலிலேயே பேசி வழக்கை முடிப்பது கோனனின் வழக்கம்.

கோஷோ அயோயாமா இந்த மங்காவை (ஜப்பானியக் காமிக்ஸ்) 1994ல் தொடங்கினார். தொலைக்காட்சித் தொடர் 1996 ஜனவரியில் வந்தது, முதல் திரைப்படம் 1997 ஏப்ரலில். அன்றிலிருந்து ஏப்ரல் வந்தால் ஜப்பானில் ஒரு கோனன் படம். 2020ல் மட்டும் கொரோனாவால் வரவில்லை.

ஆயிரம் எபிசோட் தாண்டிருச்சாமே! அதெல்லாம் பாக்காம நேரா படம் பாத்தா புரியுமா?

புரியும். ஒவ்வொரு படத்தின் தொடக்கத்திலும் கோனனே தன் கதை முழுவதையும் சொல்லிவிடுவான். யார் மாத்திரை கொடுத்தது, ரான் யார், பேராசிரியர் அகாசா செய்து தந்த கருவிகள் என்னென்ன என்று பின்னணியில் தீம் இசையோடு ஓடும். அதைத் தள்ளிவிடாமல் பாருங்கள். அந்த இசை வரும்போது எனக்கு இன்றைக்கும் புல்லரிக்கிறது.

21, 23, 25வது படங்கள் மூன்றையும் எந்த முன்கதையும் இல்லாமல் பார்க்கலாம். 20, 22, 26 பார்க்க, கறுப்பு அமைப்பில் (அந்தக் கறுப்பு உடை ஆட்களின் ரகசியக் குற்றக் கூட்டம்) யார் யார் ஒற்றர்கள் என்று கொஞ்சம் தெரிந்திருந்தால் நல்லது. 24க்கு ஒரு குடும்பத்தின் வரலாறே தெரிய வேண்டும். அதற்காகத்தான் 2021ல் அந்தப் படம் வருவதற்கு முன், பழைய எபிசோடுகளைத் தொகுத்து 'தி ஸ்கார்லெட் அலிபை' என்று தனியாகவே தியேட்டரில் போட்டார்கள்.

பின்னாளைய படங்கள்னு எதைச் சொல்றீங்க? எந்தப் படத்துல இருந்து மாறுது?

என் கணக்கில் 2016ல் வந்த 20வது படம் 'தி டார்க்கஸ்ட் நைட்மேர்'. அதற்கு முன்னாலும் பெரிய பெரிய விபத்துகள் உண்டு. 15வது படத்தில் (2011) ஒரு அணையே உடைகிறது, கிராமத்தை நோக்கிப் பாயும் வெள்ளத்தைத் திருப்ப கோனன் பனிச்சரிவை உண்டாக்குகிறான். ஆனால் 20வதில்தான் ஒரு சூத்திரம் பிடிபட்டது. ரசிகர்களுக்குப் பிடித்த இரண்டு மூன்று பேரைக் கதையின் நடுவில் நிறுத்து, அவர்களுக்கு ஒரு உணர்ச்சிப் போராட்டம் கொடு, அதைச் சுற்றி ஊரே ஆடும்படி ஒரு ஆபத்தை வை.

வசூலில் அது அப்படியே தெரிகிறது. 1997ல் முதல் படம் ஜப்பானில் சுமார் 110 கோடி யென் வசூலித்தது. 22வது படம் 918 கோடி, 23வது 937 கோடி, 25வது 978 கோடி. ஆயிரம் கோடியைத் தொடாமல் தொடாமல் வந்து, 2023ல் 26வது படம் 1,388 கோடிக்குப் போய் நின்றது. அடுத்த வருடம் 27வது சுமார் 1,580 கோடி. கால் நூற்றாண்டு ஓடிய தொடர் ஒன்று கடைசிப் பத்து வருடத்தில் இப்படி ஏறுவது சினிமாவில் அபூர்வம். நம் ஊரில் தீபாவளி ரிலீஸுக்குக் குடும்பமாகக் கிளம்புவது போல அங்கே ஏப்ரல் கோனனுக்குக் கிளம்புகிறார்கள்.

ஒண்ணாங்கிளாஸ் பையன் ஜெயன்ட் வீல நிறுத்துறானா? சீரியஸா?

சீரியஸாகத்தான். 20வது படத்தின் க்ளைமாக்ஸ் இது. ஒரு மீன் காட்சியகத்தை ஒட்டிப் பிரம்மாண்டமான ஜெயன்ட் வீல். அதன் உச்சியில் அகாயும் அமுரோவும் கைகலப்பில் இருக்கிறார்கள். ஒருவர் எஃப்.பி.ஐ., இன்னொருவர் ஜப்பான் பாதுகாப்புப் போலீஸ். அச்சில் வெடிகுண்டு. மேலே ஆகாயத்தில் கறுப்பு அமைப்பின் வில்லன் ஜின் விமானத்திலிருந்து துப்பாக்கியால் பொழிகிறான். வீல் அச்சிலிருந்து கழன்று, மக்கள் நிறைந்த கட்டிடத்தை நோக்கி உருள ஆரம்பிக்கிறது.

கோனன் என்ன செய்கிறான் தெரியுமா? தன் கால்சட்டைக்குப் போடும் எலாஸ்டிக் பட்டையை இழுத்துக் கட்டி வீலைப் பிடிக்கப் பார்க்கிறான். அது போதவில்லை. உடனே பந்தை ஊதிப் பெரிதாக்கி முட்டுக்கொடுக்கிறான். அதுவும் போதவில்லை. கடைசியில் வீலை நிறுத்துவது இன்னொருவரின் தியாகம், அதை நான் சொல்ல மாட்டேன். இந்த அடுக்கைக் கவனியுங்கள். பட்டை, பந்து என்று சிரித்துக்கொண்டே வருகிறோம், மூன்றாவது வரும்போது தொண்டை அடைக்கிறது. சிரிப்பு இருந்ததால்தான் அந்த அழுகை அவ்வளவு வேகமாக வருகிறது.

அந்தப் பந்து எங்கேருந்து வருது? கையில ஒண்ணுமே இல்லாம இருந்தான்!

பெல்ட்டிலிருந்து. இடுப்பு பெல்ட்டின் பொத்தானை அமுக்கினால் ஒரு கால்பந்து ஊதி வெளியே வரும். காலில் இருக்கும் ஷூவின் சக்கரத்தைத் திருகினால் உதைக்கு அசாத்திய பலம் வரும். இரண்டும் பேராசிரியர் அகாசா செய்து கொடுத்தவை. டிவி தொடரில் ஓடும் திருடனின் மண்டையில் அடிக்க இது போதும்.

படங்களில் அந்தப் பந்துக்குத் தனி வாழ்க்கை வரலாறே உண்டு. 18வது படத்தில் வாணவேடிக்கைப் பந்து வருகிறது, இருட்டில் ஆகாயத்தில் வெடித்து, தூரத்தில் துப்பாக்கியோடு காத்திருப்பவருக்கு வெளிச்சம் கொடுக்கிறது. 20வதில் முட்டுக்கட்டை. 22வதில் விழுந்துகொண்டிருக்கும் விண்கலப் பெட்டகத்தின் பாதையை மாற்ற, நடுவானில் பறக்கும் காரிலிருந்து உதைக்கிறான். 26வதில் கடலுக்கடியில் வெளிச்சம் போட்டு நீர்மூழ்கியின் நிழலைக் காட்டிக் கொடுக்கிறது.

எனக்குப் பிடித்த பந்து 25வது படமான 'தி பிரைட் ஆஃப் ஹாலோவீன்' பந்துதான். டோக்கியோவின் ஷிபுயா ஒரு பள்ளத்தாக்கு. சுற்றியுள்ள தெருக்கள் எல்லாம் சரிந்து வந்து நடுவிலுள்ள அந்தப் புகழ்பெற்ற நாற்சந்தியில்தான் கூடும். வில்லன் இரண்டு வகைத் திரவங்களைத் தெருவில் கசியவிடுகிறான், இரண்டும் சரிவில் ஓடிவந்து கலந்தால் வெடிக்கும். அதைத் தடுக்க கோனன் பந்தை விரியவிடுகிறான், விரியவிடுகிறான், கடைகளின் மாடி உயரத்துக்கு விரியவிடுகிறான். ஊரின் நில அமைப்பை வைத்து ஒரு ஆபத்து, அதற்கு அந்த நில அமைப்பை வைத்தே ஒரு தீர்வு. இதை எழுதியவர் ஷிபுயாவில் மழை பெய்யும்போது தண்ணீர் எங்கே ஓடுகிறது என்று நின்று பார்த்திருப்பார் என்றே நம்புகிறேன்.

மச்சான், அந்த வெள்ளைக் கார் ஆளு யாரு? போலீஸா, ரவுடியா, சர்வரா?

மூன்றும்! (இதைக் கேட்டது என் தங்கை கணவர். பக்கத்திலிருந்த நண்பரிடம்தான் கேட்டார், பதில் நான் சொன்னேன்.) தோரு அமுரோ என்பது கோகோரோ அலுவலகத்துக்குக் கீழே உள்ள காபிக்கடையில் வேலை பார்க்கும்போது வைத்துக்கொண்ட பெயர். கறுப்பு அமைப்புக்குள் அவர் பெயர் பர்பன். நிஜப் பெயர் ரெய் ஃபுருயா, ஜப்பான் பாதுகாப்புப் போலீஸின் ரகசிய அதிகாரி. காலையில் சாண்ட்விச் போடுகிறார், ராத்திரி நாட்டைக் காப்பாற்றுகிறார். சாண்ட்விச்சும் நன்றாகவே போடுவார்.

அந்த ஆளுக்காக ஜப்பான்ல ஒரே படத்தை பத்து தடவ பாத்தாங்களாம். அப்படி என்ன இருக்கு அவர்கிட்ட?

22வது படம் 'ஜீரோ தி என்ஃபோர்சர்' (2018) முழுக்க அவருடைய படம். அதில் அவர் நல்லவரா என்றே பாதிப் படம் வரை தெரியாது. கோகோரோவைக் குற்றவாளியாகக் கைது செய்ய வைத்ததே அவர்தான். கோனன் முதல்முறையாக அவர்மேல் உண்மையான கோபத்தோடு இருக்கிறான். யுசுரு தச்சிகாவா இயக்கம். போலீஸ், அரசு வக்கீல், நீதிமன்றம் என்று துறைகளுக்குள் நடக்கும் இழுபறியை ஒரு கார்ட்டூன் படத்தில் இவ்வளவு விரிவாக வைக்கத் துணிச்சல் வேண்டும்.

அப்புறம் அந்தக் கார். வெள்ளை மஸ்டா ஆர்எக்ஸ்-7. மோனோரயில் பாதையில் ஏறி, எதிரே ரயில் வர, அவர் ஒதுங்காமல் வேகத்தைக் கூட்டுகிறார். பக்கத்து சீட்டில் ஒன்றாம் வகுப்புப் பையன். அதே ஓட்டத்தில் "உங்களுக்குக் காதலி உண்டா?" என்று பையன் கேட்க, தன் காதலி இந்த நாடுதான் என்று சொல்லிக்கொண்டே ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறார். தியேட்டரில் பெண்கள் மயங்கியதில் ஆச்சரியமே இல்லை. அவரை "ஆயிரம் கோடி மனிதர்" ஆக்கியே தீருவோம் என்று ரசிகர்கள் திரும்பத் திரும்ப டிக்கெட் எடுத்தார்கள். மேலே சொன்ன 918 கோடியில் அவர்கள் பங்கு பெரிது. ஆயிரத்தைத் தொடவில்லை என்பதில் எனக்கு இன்றும் வருத்தம்தான்.

அமுரோவுக்கும் அகாய்க்கும் ஏன் எப்பப் பாத்தாலும் சண்டை?

கதைக்குள் காரணம், அமுரோவின் நண்பர் ஒருவரின் மரணம். அதற்கு மேல் சொன்னால் தொடர் பார்ப்பவர்கள் என்னை அடிப்பார்கள்.

கதைக்கு வெளியே ஒரு காரணம் உண்டு, அது இன்னும் அழகு. அயோயாமா கண்டாம் என்ற பழைய ரோபோ அனிமேவின் (ஜப்பானியக் கார்ட்டூன் தொடர்) தீவிர ரசிகர். அதில் எதிரெதிர் நாயகர்கள் அமுரோ ரெய், ஷார். அமுரோவுக்குக் குரல் தோரு ஃபுருயா, சிவப்பு ஆடை ஷாருக்குக் குரல் ஷூயிச்சி இகேதா. இப்போது கோனன் பக்கம் பாருங்கள்: தோரு அமுரோ, நிஜப் பெயர் ரெய் ஃபுருயா. அந்தப் பக்கம் ஷூயிச்சி அகாய், பெயரிலேயே சிவப்பு, குரலும் இகேதாவே. ஜெயன்ட் வீல் உச்சியில் இரண்டு பேரும் குத்துச்சண்டை போடும்போது 1979ல் தொடங்கிய ஒரு பகை இன்னொரு முறை நடக்கிறது.

சிங்கப்பூர் படத்துல தமிழ்ப் பேரு ஒண்ணு வருதாமே, நெசமா?

நெசம்தான். 23வது படம் 'தி ஃபிஸ்ட் ஆஃப் ப்ளூ சஃபையர்' (2019). ரிஷி ராமநாதன் என்று ஒரு பாத்திரம், குரல் யூகி காஜி. அனிமே ரசிகர்களுக்குக் காஜியின் குரல் நன்றாகவே பழக்கம். தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்றாக இருக்கும் ஊரில் கதை நடக்கும்போது ஒரு ராமநாதன் வந்தது எனக்கு அவ்வளவு சந்தோஷம். அவர் கதையில் என்ன செய்கிறார் என்று கேட்காதீர்கள், பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

கோனன் அங்கே போய்ச் சேரும் விதம்தான் படத்தின் சிறந்த நகைச்சுவை. கோனன் எடோகாவா என்று ஒருவன் சட்டப்படி இல்லவே இல்லை, ஆகவே பாஸ்போர்ட் கிடையாது. திருடன் கிட் அவனை மயக்கிப் பெட்டியில் போட்டுக் கொண்டுபோய்விடுகிறான். கண் விழித்தால் சிங்கப்பூரின் மரீனா பே சாண்ட்ஸ் ஹோட்டல்! ரானுக்குத் தெரியக்கூடாது என்று தோல் நிறத்தைக் கறுப்பாக்கி, ஆர்தர் ஹிராய் என்று உள்ளூர்ப் பையனாக நடிக்கிறான். ரானோடு ஷினிச்சியாகச் சுற்றுவது அதே கிட். தன் வேடத்தில் இன்னொருவன் தன் தோழியோடு ஊர் சுற்றுவதை அந்தப் பையன் பார்த்துப் பல்லைக் கடிக்கும் முகம் ஒன்று போதும்.

அந்த ஹோட்டல உடைக்க சிங்கப்பூர்க்காரங்க எப்படி சம்மதிச்சாங்க?

டோக்கியோவில் நடக்கும் படங்களில் பல கட்டிடங்களுக்குக் கற்பனைப் பெயர்தான் இருக்கும். ஸ்கைட்ரீ கோபுரம் கூட பெல்ட்ரீ ஆகிவிடும். சிங்கப்பூரில் மட்டும் நிஜப் பெயர், நிஜ உருவம். சிங்கத்தலையும் மீன் உடலுமான மெர்லயன் சிலையின் வாயிலிருந்து சிவப்பாகத் தண்ணீர் கொட்டுகிறது, எண்ணெய்க் கப்பல் கரையில் ஏறுகிறது, மூன்று கோபுரங்களின் தலையில் 57வது மாடியில் கப்பல் போல உட்கார்ந்திருக்கும் அந்தத் தோட்டம் நீச்சல் குளத்தோடு ஆட்டம் காண்கிறது. சுற்றுலாவுக்கு இதைவிடப் பெரிய விளம்பரம் கிடையாது என்பேன். படம் பார்த்தவர்களுக்கு முதலில் தோன்றுவது அந்தக் குளத்தில் ஒருமுறை குளிக்க வேண்டும் என்பதுதான்.

கியோகோகு மனுசனா, வேற ஏதாவதா?

மனுஷன்தான். 400 போட்டிகளில் தோல்வியே காணாத கராத்தே வீரன். அதே 23வது படத்தில் தன் காதலியும் ரானின் தோழியுமான சோனோகோவை முதுகில் கட்டிக்கொண்டு ஒரு மலை போன்ற அடியாளோடு சண்டை போடுகிறான். காதலியைப் பத்திரமான இடத்தில் விட்டுவிட்டு வரலாமே என்று கேட்பவர்களுக்கு, அவன் முதுகைவிடப் பத்திரமான இடம் அந்த ஊரில் அப்போது இல்லை.

பேராசிரியர் புதிர் போடறாரே, ஒண்ணுமே புரியல. சப்டைட்டில் தப்பா?

சப்டைட்டில் மேல் குற்றமில்லை. அது ஜப்பானிய மொழியின் சிலேடை, ஜப்பானியக் குழந்தைகளே முனகும் சிலேடை. படத்துக்கு ஒன்று கட்டாயம் உண்டு. அந்த நேரத்தில் தண்ணீர் குடித்துக்கொள்ளுங்கள்.

26வது படம் மட்டும் ஏன் அப்படி ஓடிச்சு? நீர்மூழ்கி எல்லாம் பழைய கதைதானே?

ஹைபாராவுக்காக. அவளும் கோனனைப் போல உடம்பு சுருங்கியவள்தான். முன்பு கறுப்பு அமைப்பில் விஞ்ஞானியாக இருந்தவள், அந்த மாத்திரையை உருவாக்கியதே அவள்தான். பிடிபட்டால் உயிர் போகும் என்ற பயத்தில் வாழ்பவள். 'பிளாக் அயர்ன் சப்மரீன்' படத்தில் உலகக் காமெராக்களை இணைக்கும் இன்டர்போல் மையம் ஹச்சிஜோ தீவுக்குப் பக்கத்துக் கடலில் இருக்கிறது. அங்கே ஒரு மென்பொருள், வயது எதுவானாலும் ஒரு முகத்தை அடையாளம் கண்டுவிடும். இந்தத் தொடரின் மொத்த ரகசியமும் "சின்ன உருவத்தில் யாருக்கும் அடையாளம் தெரியாது" என்பதில்தான் நிற்கிறது. அதையே ஒரு கணினி தட்டிவிட்டால்? இவ்வளவு எளிதான, இவ்வளவு பயங்கரமான கேள்வியை இத்தனை வருடம் கழித்துக் கேட்டிருக்கிறார்கள்.

ஆனால் நான் மறக்காதது அதில் ஒரு சின்ன விஷயம். படத்தின் ஆரம்பத்தில் ஒரு ப்ரூச் (உடையில் குத்திக்கொள்ளும் நகை) வாங்க வரிசையில் நிற்கிறாள் ஹைபாரா. அவளுக்கு அது உயிர். தனக்குக் கிடைத்த டிக்கெட்டை, கிடைக்காமல் வருத்தத்தோடு நிற்கும் ஒரு பாட்டிக்குக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறாள். ஒரு நிமிடக் காட்சி. அந்தப் பாட்டியைப் படம் முடியும்வரை ஞாபகம் வைத்திருங்கள்.

என் பொண்ணுக்கு எட்டு வயசு. கார்ட்டூன்தானேன்னு போட்டுக் காட்டலாமா?

எல்லாவற்றையும் வேண்டாம். கொலை இல்லாத கோனன் அபூர்வம், ரத்தம் தெரியும். 21வது 'கிரிம்சன் லவ் லெட்டர்' வண்ணமயமாக இருக்கும், கியோத்தோவின் இலையுதிர்காலம், பழங்கவிதை அட்டைகளை வைத்து விளையாடும் கருத்தா ஆட்டம். பக்கத்தில் உட்கார்ந்து காட்டலாம். 26ஐ இன்னும் சில வருடம் கழித்துக் காட்டுங்கள். ஹைபாரா கடத்தப்படும் இடம் பெரியவர்களுக்கே வயிற்றைக் கலக்கும்.

பழைய படம்தான் நெஜ துப்பறியும் படம், புதுசு எல்லாம் வெறும் வெடிதான்னு எங்க அண்ணன் சொல்றார். ஒத்துக்கறீங்களா?

அண்ணன் முதல் படத்தை மறுபடி பார்க்கட்டும். 1997லேயே ரயில்களில் குண்டு வைத்து, வேகம் மணிக்கு 60 கிலோமீட்டருக்குக் கீழே போனால் வெடிக்கும் என்று மிரட்டுகிறார்கள். குண்டு வைத்தவருக்குக் காரணம் என்ன தெரியுமா? சில கட்டிடங்கள் இருபக்கமும் ஒரே அளவாக இல்லை! 2001ல் வந்த 5வது படத்தில் ஒரு கோபுரத்திலிருந்து இன்னொரு கோபுரத்துக்குக் கார் பறக்கிறது, குண்டின் வேகத்தைக் கணக்குப் போட்டு, சின்னப் பிள்ளைகளோடு. வெடி அன்றும் இருந்தது.

ஒரு விஷயத்தில் அவர் சொல்வது சரி. முதல் படத்தின் முடிவில் அடைபட்ட ஒரு கதவுக்கு இந்தப் பக்கம் ஷினிச்சி குரலில் கோனன், அந்தப் பக்கம் கத்தரியும் குண்டுமாக ரான். மிச்சம் இரண்டே வயர், சிவப்பும் நீலமும். எதை வெட்டுவது என்று அவனுக்கும் தெரியாது. உனக்குப் பிடித்ததை வெட்டு, நீ வெட்டும்வரை நான் இங்கேயே இருப்பேன் என்கிறான். பந்தும் இல்லை, காரும் இல்லை, ஒரு கதவு மட்டும். இப்படி இரண்டு பேர் அசையாமல் பேசிக்கொள்ளும் நேரம் புதிய படங்களில் குறைந்துவிட்டது. எனக்கும் அந்தக் கதவு வேண்டும்.

புதுப் படத்துல கொலைகாரன கண்டுபிடிக்கிறது ரொம்ப ஈசியா இருக்கே?

ஆமாம். தொடரில் இல்லாத புதுமுகங்கள் நாலைந்து பேர் வருவார்கள், அவர்களில் ஒருவர்தான். ரொம்ப நல்லவராகச் சிரிப்பவரைக் கவனியுங்கள். எழுதுபவர்கள் இதை மறைக்க அதிகம் மெனக்கெடுவதில்லை. யார் என்பதைவிட, அந்த ஆபத்திலிருந்து இவர்கள் எப்படி ஒருவரையொருவர் காப்பாற்றுவார்கள் என்பதில்தான் அவர்கள் உழைப்பு போகிறது. துப்புத் துலக்குவதில் நிறைவு வேண்டுமென்றால் டிவி தொடரும் மங்காவும் இருக்கின்றன, அங்கே இன்றும் பூட்டிய அறைக் கொலைகள் கச்சிதமாக வருகின்றன.

கோகோரோ தூங்கறதத் தவிர வேற எதுவும் செய்வாரா?

28வது படம் 'ஒன்-ஐடு ஃப்ளாஷ்பேக்' (2025) பாருங்கள். இதைச் சொல்லத்தான் காத்திருந்தேன். டோக்கியோவின் ஹிபியா பூங்காவில், போலீஸில் கூட வேலை பார்த்த பழைய நண்பரைச் சந்திக்கப் போகிறார். அவர் வருவதற்குள் அந்த நண்பர் சுடப்பட்டு விழுகிறார். அந்த நிமிடத்திலிருந்து குடிகாரர், சூதாடி, தூங்குமூஞ்சி எல்லாம் காணாமல் போய்விடுகிறது. மீசை வைத்த ஒரு முன்னாள் போலீஸ்காரர் நாகானோவின் பனியில் நடக்கிறார். நோபெயாமாவில் உள்ள 45 மீட்டர் வானொலித் தொலைநோக்கி அந்த மலைகளின் நடுவில் வெள்ளைத் தட்டாக நிற்கும் காட்சிகள் கண்ணிலேயே நிற்கின்றன.

இது திடீரென்று வந்த மாற்றம் இல்லை. 1998ல் வந்த 2வது படத்திலேயே கோகோரோ குறிதவறாத துப்பாக்கிக்காரர் என்று காட்டிவிட்டார்கள். பணயமாகப் பிடிக்கப்பட்ட தன் மனைவியின் காலில் அவரே சுட்டார், ஓட முடியாத பணயக்கைதி குற்றவாளிக்குச் சுமை என்பதால். அதற்குப் பிறகு எத்தனை ஏப்ரல் அவரைக் கோமாளியாகவே வைத்திருந்தார்கள்! 28வது படத்தில் அவர் துப்பாக்கியைத் தொடும்போது நான் எழுந்து கைதட்டினேன்.

27வது படத்துல பேர் ஓடி முடிஞ்சப்புறம் ஏதோ பெரிய ரகசியமாமே?

உண்டு, சொல்ல மாட்டேன். ஹகோதாத்தேயின் இரவு வெளிச்சத்துக்காகவும், கோனனின் நண்பனான ஒசாகா துப்பறிவாளன் ஹெய்ஜி தன் காதலைச் சொல்லப் படும் பாட்டுக்காகவும் பாருங்கள், அப்புறம் கடைசிவரை உட்காருங்கள். எந்தக் கோனன் படத்திலும் பெயர்கள் ஓடும்போது எழுந்துவிடாதீர்கள். அடுத்த வருடம் யார் வருகிறார் என்று சில நொடிகள் காட்டுவார்கள். அதை வைத்துத்தான் ரசிகர்கள் அடுத்த பன்னிரண்டு மாதத்தை ஓட்டுகிறார்கள்.

அகாய் நாகோயாவுல நின்னு சுட்ட குண்டு ஓடற ரயிலத் தாக்குதே. வெற்றிடத்துல குண்டு நேரா போகும்தானே, அப்போ சரிதானே?

இன்ஜினியரிங் படிக்கும் தம்பி கேட்டது. 24வது படம் 'தி ஸ்கார்லெட் புல்லட்' ரயில் மணிக்கு 1,000 கிலோமீட்டர் வேகத்தில் வெற்றிடச் சுரங்கத்தில் போகிறது. நிஜத்தில் ஜப்பான் காந்த ரயில் 2015 சோதனை ஓட்டத்தில் தொட்ட உச்சம் 603 கிலோமீட்டர், ஆகவே ரயில் ஒரு நியாயமான கனவுதான். குண்டுதான் சிக்கல். காற்று இல்லையென்றால் வேகம் குறையாது, ஆனால் புவியீர்ப்பு அங்கேயும் உண்டு. நொடிக்கு ஒரு கிலோமீட்டர் பாயும் குண்டு கூட முதல் நொடியிலேயே சுமார் 5 மீட்டர் கீழே இறங்கிவிடும். சுரங்கத் தரையில்தான் மோதும்.

அகாய் சுட்டால் புவியீர்ப்பு ஒதுங்கிக்கொள்ளும் என்று ஏற்றுக்கொண்டவர்கள் ரசிக்கலாம். நான் அந்த ஒரு நிமிடத்தை முழு மனதோடு ரசித்தேன்.

அப்போ உங்களுக்குப் பிடிக்காத படமே கெடையாதா?

இரண்டு உண்டு. ஒன்று இந்த 24வது. அகாய் குடும்பத்தில் அம்மா, இரண்டு அண்ணன், தங்கை என்று எல்லோரையும் ஒரே படத்தில் கூட்டிவந்தார்கள், ஆனால் அவர்களை ஒரு மேசையில் உட்கார்ந்து பேசவிடவில்லை. ஆளுக்கு ஒரு மூலையில் ஆளுக்கு ஒரு சண்டை. குடும்பப் படம் என்று விளம்பரம் செய்துவிட்டுக் குடும்பத்தைப் பிரித்தே வைத்தது எனக்குப் பெரிய ஏமாற்றம்.

இன்னொன்று, என் எல்லைக்கோட்டுக்கு ஒரு படி முன்னால் உள்ள 19வது படம் 'சன்ஃபிளவர்ஸ் ஆஃப் இன்ஃபெர்னோ' (2015). கையில் எவ்வளவு அருமையான கதை இருந்தது! வான்கோ பூச்சாடியில் வரைந்த சூரியகாந்தி ஓவியங்களில் ஒன்று ஜப்பானில் ஆஷியா என்ற ஊரில் ஒரு தொழிலதிபர் வீட்டில் இருந்தது, 1945 ஆகஸ்டில் குண்டுவீச்சுத் தீயில் எரிந்துபோனது. இது நிஜ வரலாறு. எரிந்ததாக நினைத்த அந்த ஓவியம் மறுபடி ஏலத்துக்கு வந்தால் என்று படம் தொடங்குகிறது. அங்கிருந்து போர்க்காலத்துக்கும், தீயிலிருந்து ஓவியத்தைத் தூக்கப் பார்த்தவர்களுக்கும், ஏன் கிட் அதன்மேல் இவ்வளவு உயிராக இருக்கிறான் என்பதற்கும் போயிருக்க வேண்டும். போகிறார்கள், ஆனால் அவசர அவசரமாகக் கடைசியில். நடுவில் இருக்கும் நேரமெல்லாம் ஓவியங்களைக் குகைக்குள் கட்டிய ஒரு அருங்காட்சியகத்தில் மாட்டவும், அதன் பாதுகாப்புக் கருவிகளைச் சுற்றிக் காட்டவுமே போய்விடுகிறது. கிட்டின் அந்தக் கடைசி ஐந்து நிமிடத்தை நடுவில் வைத்து யாராவது இந்தப் படத்தை மறுபடி எடுத்தால் முதல் காட்சிக்கே போவேன்.